காவி உடுமீனும் ஒரு பாடநூல் வாக்கியமும்

சூழலியல் படித்த மாணவர் எவரும் தேர்வுத்தாளில் ஒருமுறையேனும் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: பிசாஸ்டர் என்னும் உடுமீனைப் பாறையிலிருந்து அகற்றியபோது, அங்கிருந்த 15 இனங்கள் எட்டாகக் குறைந்தன, ஆகவே அது ஒரு கீஸ்டோன் இனம். இரண்டு மதிப்பெண் விடைக்கு இது போதும். வாக்கியத்தில் பிழையும் இல்லை. ஆனால் எந்தப் பாறை, அதன்மேல் மோதிய அலை எத்தகையது, அந்தப் பதினைந்தில் எவை எண்ணப்பட்டன, எவை எண்ணப்படவில்லை என்பவை அதில் இல்லை. இவை உதிர்ந்துபோனதால்தான் அந்தச் சொல் தன் கரையை விட்டு நீங்கி, யானை முதல் ஆலமரம் வரை எதன்மேலும் ஒட்டக்கூடிய முத்திரையாக இன்று உலவுகிறது. சொல் பிறந்த கரைக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பது பயனுடையது. அதற்கு முதலில் விலங்கின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

அதன் முழுப்பெயர் பிசாஸ்டர் ஒக்ரேசியஸ். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா வரை, அலை அறையும் பாறைகளில் வாழ்வது. நம் பாடநூல்கள் நட்சத்திர மீன் என்று எழுதினாலும் மீனுக்கும் இதற்கும் உறவில்லை. கடல் அட்டையையும் கடல் அர்ச்சினையும் போல இதுவும் முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்தது. இது இடம்பெறும் வரிசை ஃபோர்சிபுலேட்டிடா. தோலின் மேற்பரப்பில் முட்களுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாத அளவில் நிற்கும் இடுக்கி போன்ற உறுப்புகளால் அவ்வரிசைக்கு அப்பெயர் வந்தது. குடும்பம் ஆஸ்டீரிடே.

1827-ஆம் ஆண்டுக் கோடையில் சென்யாவின் என்ற ரஷ்யக் கப்பல் சிட்கா துறைமுகத்தை அடைந்தது. சிட்கா அப்போது ரஷ்ய அமெரிக்காவின் தலைமையிடம். கப்பலில் இருந்த இயற்கையியலாளர் கார்ல் ஹைன்ரிக் மெர்ட்டென்ஸ் அக்கரையின் உயிரினங்களைப் பதிவுசெய்தார். பயணம் 1829-இல் முடிந்தது. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். மெர்ட்டென்ஸ் கண்டவற்றை ஒழுங்குபடுத்திப் பெயரிடும் பொறுப்பு புனித பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த யோஹான் ஃபிரீட்ரிக் பிராண்டிடம் சென்றது. பிராண்ட் 1835-இல் வெளியிட்ட லத்தீன் நூலில் இவ்விலங்குக்கு ஆஸ்டீரியஸ் ஒக்ரேசியா என்று பெயரிட்டார். ஒக்ரேசியா என்றால் மஞ்சட்காவி நிறத்தது என்பது பொருள். ஐந்தாண்டுகளுக்குப் பின் ஜெர்மானியர்களான முல்லரும் டுரோஷலும் பிசாஸ்டர் என்ற பேரினத்தை நிறுவினார்கள். பேரினப் பெயர் ஆண்பால் ஆனதால் ஒக்ரேசியா ஒக்ரேசியஸ் ஆயிற்று. பெயரை முழுமையாக எழுதும்போது பிராண்ட், 1835 என்பது அடைப்புக்குறிக்குள் நிற்பதும் இதனால்தான்: இனத்துக்குப் பெயரிட்டவர் வேறொரு பேரினத்தில் வைத்தார், பின்னர் அது இடம்பெயர்ந்தது என்பதற்கு அந்த அடைப்புக்குறி சான்று. ஆய்வேடுகளில் அடைப்புக்குறியை அழகுக்காகச் சேர்ப்பவரும் சோம்பலால் நீக்குபவரும் ஒரு வரலாற்றை அழிக்கிறார்கள்.

இனி நிறம். காவி என்று பெயர்பெற்ற இந்த உடுமீன்களில் பெரும்பாலானவை காவி அல்ல. திறந்த கடலை நோக்கிய கரைகளில் ஊதாவும் பழுப்பும் மிகுதி. ஆரஞ்சு நிறத்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட அடங்கிய நீர்ப்பரப்பிலோ ஏறக்குறைய எல்லாமே ஊதா. இத்தகைய வேறுபாடு கண்ணில் பட்டால் வகைப்பாட்டியலாளர் சும்மா இருப்பதில்லை. நிறம், முட்களின் நெருக்கம், உடலின் பருமன் ஆகியவற்றைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பெயர்கள் தோன்றின. ஸ்டான்ஃபோர்டின் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையத்தை நடத்திய வால்டர் ஃபிஷர், வட பசிபிக் உடுமீன்களைப் பற்றி எழுதிய பெருநூலின் இறுதிப் பகுதியை 1930-இல் வெளியிட்டபோது, இவ்வினத்துக்குள் அடங்கிய நீரின் வடிவம், தெற்கின் வடிவம் எனப் பிரித்து வைத்தார். அவரிடம் இருந்தவை உடலும் அளவுகோலும் மட்டுமே. அவற்றைக் கொண்டு செய்யக்கூடிய நேர்மையான வேலையை அவர் செய்தார்.

மரபணு ஆய்வு வந்தபின் அப்பிரிவுகள் நிலைக்கவில்லை. கிறிஸ்டஃபர் ஹார்லியும் உடனாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஊதாவும் ஆரஞ்சும் மரபுவழியில் தனித்தனிக் குழுக்களாகப் பிரியவில்லை. இவ்வினத்தின் இளவுயிரிகள் பிளவுபட்ட கரைகளை மதிப்பதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூட மிதவையுயிரிகளாக நீரோட்டத்தில் அலைந்த பிறகே பாறையில் இறங்குகின்றன. எனவே ஒரு கரையின் விலங்கு பெரும்பாலும் அக்கரையில் பிறந்ததன்று. நிறத்துக்குக் காரணமான கரோட்டினாய்டு நிறமிகள் உணவு வழியே உடலுக்குள் வருபவை. நிற வேறுபாட்டில் உணவுக்கும் வாழிடத்துக்கும் பங்கு உண்டு என்று அந்த ஆய்வு கருதுகிறது. வேறு இனத்தின் அடையாளம் என்று ஒருகாலத்தில் படிக்கப்பட்ட நிறத்தில் அது நின்ற பாறையின் சாயலும் இருக்கிறது என்பது, மாதிரிகளைச் சாராயக் குப்பியில் இட்டு நிறம் போக்கிவிட்டு வகைப்படுத்தும் துறைக்குச் சற்றுச் சங்கடமான செய்தி.

ஆனால் உடலைப் பார்த்துப் பிரிப்பதே வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். பிசாஸ்டர் பேரினத்தில் மூன்று இனங்கள் உள்ளன. மூன்றும் பசிபிக்கின் இந்தக் கரைக்கே உரியவை. மூன்றையும் முட்களைக் கொண்டே பிரிக்கலாம். ஒக்ரேசியஸின் மேற்புற வெண்முட்கள் வலைப்பின்னலாக ஓடும். நடுவட்டில் பலவேளை ஐங்கோணம் ஒன்று தெரியும். ஜைகான்டியஸ் இனத்தில் முட்கள் தனித்தனியாக, சீரான இடைவெளியில் நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் நீல வளையம். பிரெவிஸ்பைனஸ் இளஞ்சிவப்பு நிறத்தது, முட்கள் குட்டையானவை. உடலின் இந்த வேறுபாடுகள் வாழிட வேறுபாட்டோடு இணைந்தே செல்கின்றன. ஒக்ரேசியஸ் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட பாறைக்கு உரியது. ஜைகான்டியஸ் பெரும்பாலும் அதற்குக் கீழே, என்றும் நீர் விலகாத பாறைகளில். பிரெவிஸ்பைனஸ் மணலுக்கும் சேற்றுக்கும் இறங்கிவிட்டது. மணலுக்குள் ஆழப் புதைந்திருக்கும் மட்டியை எட்ட, தன் நடுப்பகுதியின் குழாய்க்கால்களை அசாதாரண நீளத்துக்கு நீட்டுகிறது. ஒரு பேரினம், மூன்று முகவரிகள்.

காவி உடுமீனின் முகவரி இவற்றுள் கடினமானது. நாளுக்கு இருமுறை கடல் விலகும். அப்போது வெயிலும் காற்றும் அதன்மேல் நேரே படும். ஓடு இல்லை, மூடிக்கொள்ள முடியாது. நீர் இருக்கும்போது மேலேறி இரையைப் பற்றுகிறது. வற்றத்தில் பாறைப் பிளவுகளுக்குள் ஒடுங்குகிறது, அல்லது பற்றிய இரையோடு இருந்த இடத்திலேயே நிற்கிறது. பான்ஸ்பூர்டு, சான்ஃபோர்டு, ஹெல்முத் மூவரும் 2009-இல் காட்டியது வியப்புக்குரியது: ஒரு வற்றத்தில் உடல் சூடேறிய உடுமீன், அடுத்த ஏற்றத்தின்போது உடற்குழியில் வழக்கத்தினும் கூடுதலான குளிர்ந்த கடல்நீரை ஏற்றிக்கொள்கிறது, எடை கூடிய உடல் அடுத்த வெயிலில் மெதுவாகவே சூடேறும். மூளை என்று சுட்டிக்காட்ட ஓர் உறுப்பு இல்லாத விலங்கு, நேற்றைய வெயிலைக் கணக்கில் கொண்டு நாளைக்கு நீர் சேமிக்கிறது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஏற்றிக்கொள்ளும் நீரே குளிர்ந்திருக்க வேண்டும்.

இரையை உண்ணும் முறையும் கவனிக்கத் தக்கது. அதன் முதன்மை இரை கலிஃபோர்னிய மட்டி. பட்டுநூல் போன்ற இழைகளால் பாறையில் தன்னைக் கட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படுகையாகும் கருநீல இருவால்வி. உடுமீன் அதன்மேல் கவிழ்ந்து குழாய்க்கால்களால் இரு ஓடுகளையும் இழுக்கும். முழுதும் திறக்க வேண்டியதில்லை. மயிரிழை போன்ற இடைவெளி கிடைத்தால் போதும்; தன் இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளி ஓட்டுக்குள் நுழைத்து, மட்டியை அதன் வீட்டுக்குள்ளேயே செரித்துவிடும். இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது: ஓர் அளவுக்கு மேல் வளர்ந்துவிட்ட மட்டியை இதனால் திறக்க முடியாது.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வரலாம். ராபர்ட் பெய்ன் 1962-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அடுத்த ஆண்டு, அம்மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மக்காஹ் பழங்குடியினரின் நிலத்தை ஒட்டிய முக்கா விரிகுடாவில் அவருக்கு வேண்டிய கரை கிடைத்தது. அங்கே 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட பாறைத் துண்டொன்றைத் தேர்ந்து, அதிலிருந்த உடுமீன்களைக் கடப்பாரையால் நெம்பிக் கடலுக்குள் வீசினார். திரும்பத் திரும்ப வந்து வீசினார். அருகில் இன்னொரு துண்டை ஒப்பீட்டுக்காகத் தொடாமல் விட்டார். முதலில் கொட்டலசுகள் பரவின. பின்னர் அவற்றை நெருக்கித் தள்ளிக்கொண்டு மட்டிகள் மேலிருந்து கீழிறங்கின. கைட்டான்கள், சில நத்தைகள், பாசிகள் இடமிழந்தன. 1966-இல் அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட் இதழில் வந்த கட்டுரையில் 15 எட்டான கணக்கு இடம்பெற்றது. அக்கட்டுரையில் கீஸ்டோன் என்ற சொல் இல்லை. அது 1969-இல், அதே இதழில் வந்த சிறு குறிப்பொன்றில்தான் வந்தது. கல் வளைவு ஒன்றின் உச்சியில் நின்று, இருபுறக் கற்களையும் தாங்கும் கல்; அதை உருவினால் வளைவு சரியும். கட்டடக் கலையிலிருந்து எடுத்த உவமை என்பதால் உடனே பிடித்துக்கொண்டது.

அந்தப் பணியின் பெருமை உவமையில் இல்லை, கடப்பாரையில் இருக்கிறது. அதுவரை ஓதமண்டலத்தை ஆராய்ந்தவர்கள் பலரும் பட்டை பட்டையாக எந்த உயிர் எங்கே நிற்கிறது என்று வரைந்தார்கள்; அந்த வரைபடங்கள் அழகானவை. மட்டிப் படுகையின் கீழ் விளிம்பு பாறையில் கோடு கிழித்தாற்போல் முடிவதை எல்லோரும் கண்டிருந்தார்கள். அக்கோட்டை வரைந்தது ஈரமோ வெயிலோ அன்று, கீழிருந்து ஏறிவரும் உடுமீனின் பசி என்பதை ஒன்றை நீக்கிப் பார்த்தபிறகே சொல்ல முடிந்தது.

ஆனால் எங்கே? புரூஸ் மெங்கேயும் உடனாளர்களும் ஒரிகன் மாநிலத்தின் பாய்லர் பே, ஸ்ட்ராபெரி ஹில் ஆகிய இடங்களில் இதே வினாவை மீண்டும் கேட்டு, 1994-இல் விடையை வெளியிட்டார்கள். அலை நேராக மோதும் முனைகளில் பெய்னின் கூற்று அப்படியே நின்றது: உடுமீனே எல்லாம். அலை தணிந்த பக்கங்களில் அதன் தாக்கம் மெலிந்தும் மாறியும் காணப்பட்டது. அங்கே பிற ஊனுண்ணிகளும் அவ்வேலையில் பங்குகொண்டன. மணல் ஏறி மூடும் பாறையில் மணலே மட்டிகளைக் கொன்றது. உடுமீனுக்கு வேலை குறைவு. ஒரே இனம், ஒரே மாநிலம், நடந்தே கடக்கக்கூடிய தொலைவு. பாத்திரம் மட்டும் வேறு. எரிக் சான்ஃபோர்டு 1999-இல் இன்னொன்றைச் சேர்த்தார்: ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலெழும் நாட்களில் கடலின் வெப்பம் 3 பாகை அளவு குறைந்தாலே உடுமீன் மட்டி உண்பது வெகுவாகத் தணிகிறது. அப்படியானால் கீஸ்டோன் என்பது இனத்தின் பண்பா, இடத்தின் பண்பா, அல்லது குறிப்பிட்ட வாரத்தின் பண்பா? பிசாஸ்டர் ஒக்ரேசியஸ் என்ற பெயர் அதனோடு எங்கும் செல்லும், குப்பியிலும் செல்லும். கீஸ்டோன் என்ற பெயர் அதனோடு அடுத்த பாறைக்குக்கூடச் செல்வதில்லை.

எண்ணிக்கைக்கும் ஒரு கதை உண்டு. பெய்ன் எண்ணிய 15 பாறையின் பரப்பில் இடம்பிடித்து நிற்கும், கண்ணுக்குத் தெரியும் உயிர்கள். மட்டிப் படுகை என்பது வெறும் மட்டி அன்று. அதன் இடுக்குகளிலும் இழைகளுக்கிடையிலும் தேங்கிய வண்டலிலும் புழுக்களும் சிறு நண்டுகளும் பிறவும் குடியிருக்கின்றன. தாமஸ் சூசனெக் அவற்றை எண்ணியபோது வகைகளின் எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. கெவின் லாஃபர்ட்டியும் அவரும் 2016-இல், பெய்னின் கட்டுரை வெளிவந்து சரியாக அரை நூற்றாண்டுக்குப் பின், அதே இதழில் அந்தக் கணக்கை மறுபடி எடுத்து வைத்தார்கள். மட்டிகளுக்குள் வாழ்பவற்றையும் சேர்த்தால், உடுமீனை அகற்றியது பல்லுயிர்ப் பெருக்கத்தைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். பெய்னின் சோதனை இதனால் பொய்யாகிவிடவில்லை. உடுமீன் மட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்ற முடிவு அசையாமல் நிற்கிறது. 15, 8 என்ற இரண்டு எண்கள்தான் தம் அடிக்குறிப்பைத் திரும்பப் பெற்றிருக்கின்றன. பாடநூல்களோ இன்னும் அடிக்குறிப்பில்லாமலே அச்சாகின்றன.

சொல் பரவிய வேகத்தைக் குறித்து மில்ஸ், சூலே, டோக் மூவரும் 1993-லேயே எச்சரித்தார்கள்: வேட்டையாடுபவை, இரையாகுபவை, மகரந்தம் சுமப்பவை என எல்லாவற்றுக்கும் அப்பெயர் சூட்டப்பட்டு, பொருள் நீர்த்துவிட்டது என்று. 1996-இல் மேரி பவரும் பெய்ன் உள்ளிட்ட பலரும் கூடி, தன் மிகுதிக்கு ஒவ்வாத அளவில் பெரிய தாக்கம் உடையதே கீஸ்டோன் என்று வரையறையை இறுக்கினார்கள். இறுக்கிய வரையறை மேற்கோளாகப் பயன்படுகிறது. அளப்பதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. நம் நாட்டில் ஓர் ஆய்வேட்டின் முன்னுரையில் 'இவ்வினம் இக்கரையின் கீஸ்டோன் இனமாகும்' என்ற வரி வரும்போது, அகற்றிப் பார்த்தார்களா என்று வாய்மொழித் தேர்வில் கேட்கப்படுவது அரிது. கேட்டால் விடை சொல்வதும் எளிதன்று. இந்தியாவில் கடல் அட்டைகள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடப்பாரையோடு இறங்கி வீச முடியாது, முடியவும் கூடாது. ஆனால் சோதனை செய்ய இயலாமை, முடிவைக் கடன் வாங்குவதற்கு உரிமம் ஆகாது. இவ்விடத்தில் 'இருக்கலாம்' என்று எழுதுவதற்கு ஒரு சொல்தான் செலவு.

அகற்றும் சோதனையை 2013-இல் யாரும் கேளாமல் நோய் ஒன்று செய்தது. அவ்வாண்டு ஜூனில் வாஷிங்டன் கரையில் முதலில் காணப்பட்ட உடுமீன் நலிவு நோய், அலாஸ்காவிலிருந்து மெக்சிகோ வரை ஏறத்தாழ 20 இனங்களைத் தாக்கியது. உடலில் வெண்புண் தோன்றும், கைகள் முறுக்கிக்கொள்ளும், பின் கழன்று விழும், சில நாட்களில் விலங்கு கூழாகிவிடும். வடக்கு, நடுக் கலிஃபோர்னியக் கரைகளில் காவி உடுமீனின் இறப்பு 81 விழுக்காடு என்று ஷீபெல்ஹட், புரிட்ஸ், டாசன் மூவரும் 2018-இல் கணக்கிட்டார்கள். மடிந்தவற்றுக்கும் எஞ்சியவற்றுக்கும் இடையே மரபணு அளவில் வேறுபாடும் தெரிந்தது. 2014-இல் ஒரு வைரஸின்மேல் குற்றம் சாட்டப்பட்டது. பின்வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. 2025-இல் சூரியகாந்தி உடுமீனில் இந்நோயை உண்டாக்குவது விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று நிறுவப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுத் தேடல்.

நோய் எல்லாக் கரையிலும் உடுமீனைக் குறைத்தது. ஆனால் எல்லாக் கரையும் ஒரேபோல விடையளிக்கவில்லை. சில இடங்களில் மட்டிப் படுகை பெய்ன் எழுதியதுபோலவே கீழிறங்கியது. சில இடங்களில் ஆண்டுகள் கடந்தும் கோடு பெரிதாக அசையவில்லை. இதனிடையே, முதியவை மடிந்த பாறைகளில் 2014-இல் இளம் உடுமீன்கள் இறங்கின. முன்னைய ஆண்டுகளைவிட 74 மடங்கு என்று அதே கலிஃபோர்னிய ஆய்வு கூறுகிறது.

அந்த இளையவை வளர்ந்து வருவதற்குள் மட்டிகளும் வளர்ந்துவிட்டன. முக்கா விரிகுடாவில் உடுமீனை ஆண்டுக்கணக்கில் விலக்கி வைத்துப் பின் தடையை நீக்கிய இடங்களில், திரும்பி வந்த உடுமீன்களால் திறக்க முடியாத அளவுக்குப் பருத்த மட்டிகள் பல பத்தாண்டுகள் அப்படியே நிலைத்திருந்ததைப் பெய்னும் டிரிம்பிளும் 2004-இல் எழுதியிருந்தார்கள். பெய்ன் 2016-இல் மறைந்தார். இப்போது அக்கரைகளில் அளவுகோலோடு இறங்குபவர்கள் இரண்டு நீளங்களைக் குறித்துக்கொள்கிறார்கள்: உடுமீனின் நடுவட்டிலிருந்து கைநுனி வரை ஒன்று, கோட்டுக்குக் கீழே நிற்கும் மட்டியின் ஓட்டு நீளம் மற்றொன்று.